முனி நிற்க வேண்டிய இடம்

மேலக்கரிசலில் பங்குனிப் பொங்கல் முடிந்து, பந்தல்காரர் சவுக்குக் கம்புகளைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில், கோவில்பட்டி பஸ்ஸிலிருந்து வெளுத்த தாடிக்காரர் ஒருவர் இறங்கினார். இறங்கியவர் நேராக நிற்கவில்லை. இடது பக்கம் யாரோ நிற்பது போலவும், அந்த யாரோவின் தோளில் தன் பாரத்தில் பாதியை வைத்திருப்பது போலவும் சாய்ந்து நின்றார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனாலும் அவர் விழவில்லை.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் இஸ்ரவேல் அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க போகணும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"மடை ஆபீஸுக்கு," என்றார் வந்தவர், இந்தப் பக்கத்துக்காரர்களைப் போலவே இழுத்து. "நார்வேல இருந்து வாரேன். பேரு ஹால்வார். எப்படி வந்தேன்னு மட்டும் கேக்காதீக. காலையில பால் எடுக்கக் கதவத் தொறந்தேன், பாத்தா பஸ்ஸுக்குள்ள உக்காந்துருக்கேன்."

"மொதல்ல டீயக் குடிங்க. சீனி போடலாம்ல?" என்றார் இஸ்ரவேல்.

மடை ஆபீஸ் புண்ணாக்குக் கடைக்கு மாடியில் இருந்தது. கரிசல்காட்டில் ஆறு கிடையாது, எங்கோ தூரத்து ஆற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைத்தான் மேலக்கரிசலும் சுற்றுப்பட்டு ஊர்களும் முறை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், முறை தப்பினால் வால்வு திறக்கிறவரின் சட்டையைப் பிடிப்பார்கள், மண்டை உடையும், போலீஸ் வரும், அடுத்த முறையும் அதே மாதிரி நடக்கும். கனகவேல் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து இந்த ஆபீஸைத் தொடங்கிய பிறகு, எந்த ஊருக்கு எப்போது முறை என்று பார்த்து வால்வுகளைத் திறந்து மூடுகிற வேலையை 'மடை' என்ற ப்ரோக்ராம் எடுத்துக்கொண்டது. அதை எழுதியவள் செண்பகவல்லி. முப்பதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள், ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் அதற்குப் பதில் தெரியும்வரை சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருப்பவள்.

மடையை அவள் எழுதினாள் என்று சொன்னாலும் முழுக்க அவளே எழுதவில்லை. யாருமே அப்படி எழுதுவதில்லை. உலகத்தில் யாராவது ஒருவர் ஒரு சின்ன வேலையைச் செய்யும் ப்ரோக்ராம் துண்டை எழுதிப் பொதுவில் வைத்திருப்பார், அதைப் பேக்கேஜ் என்பார்கள், வேண்டியவர்கள் எடுத்துத் தங்கள் ப்ரோக்ராமுக்குள் பொருத்திக்கொள்வார்கள். அந்த ஒருவரும் இன்னொருவர் வைத்த பேக்கேஜைப் பொருத்தியிருப்பார், அந்த இன்னொருவர் மற்றொருவருடையதை. செண்பகவல்லி தான் எடுத்துப் பொருத்தியவை என்னென்ன என்று அறிவாள். அவற்றுக்குள் என்ன இருக்கிறது, அதற்குள் என்ன என்று அவளும் கேட்டதில்லை, கனகவேலும் கேட்டதில்லை, தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஹால்வார் மாடி ஏறி வந்து தன் பெயரைச் சொன்னதும் செண்பகவல்லி எழுந்துவிட்டாள். கடிகார நேரத்தை நாட்டுக்கு நாடு மாற்றித் தரும் பேக்கேஜில் அந்தப் பெயரை அவள் பார்த்திருக்கிறாள். "நீங்களா? உக்காருங்க," என்று நாற்காலியை நகர்த்தினாள்.

"எப்படிம்மா உக்கார? நான் யார் மேல சாஞ்சிருக்கனோ அவுக வரட்டும்."

மத்தியான பஸ்ஸில் அவர்கள் வந்தார்கள். பிரேசிலிலிருந்து இராசிமா என்ற பெண் இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் மாடி ஏறி வந்து ஹால்வாரின் இடது பக்கம் நின்றாள். அவர் முதுகு நிமிர்ந்தது. அவள் இன்னொரு பக்கம் சாய்ந்தாள். சாயங்கால பஸ்ஸில் அவளுக்கு உரியவர் வந்து அவளை நிமிர்த்திவிட்டுத் தான் சாய்ந்தார். அடுத்த நாள் காலையில் மாடியில் இடம் போதாமல் படிக்கட்டில் நின்றார்கள். படிக்கட்டிலிருந்து புண்ணாக்குக் கடை வாசலுக்கு, அங்கிருந்து ரதவீதிக்கு, அங்கிருந்து செக்கடித் தெருவுக்கு என்று வரிசை நீண்டது. மடைக்கு வேண்டியவர்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள், அந்த வேண்டியவர்களுக்கு வேண்டியவர்கள் என்று ஒவ்வொரு பஸ்ஸிலும் வந்து இறங்கி, ஒருவர் தோளில் ஒருவர் பாரத்தை வைத்து நின்றார்கள். இரண்டு பேரை நம்பியவர்கள் இரண்டு பேரும் வந்து சேரும்வரை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். வரிசை ஒரு தெருமுனையில் இரண்டாகப் பிரிந்தது, இரண்டு தெரு தாண்டி மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது.

ஊர் அதற்கு முதல் இரண்டு நாள்தான் வாயைப் பிளந்தது. மூன்றாம் நாள் அவரவர் வாசலில் நிற்பவரை அவரவர் வீட்டு ஆளாக்கிக்கொண்டார்கள். வாசலில் நிற்பவருக்குச் சோறு போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. பிரித்துக்கொண்டு போன சவுக்குக் கம்புகளைப் பந்தல்காரர் திரும்பக் கொண்டுவந்து வரிசை போகிற வழியெல்லாம் ஓலைப்பந்தல் போட்டார். நாவிதர் கருப்பட்டியா வரிசையின் ஒரு முனையிலிருந்து சவரம் செய்யத் தொடங்கி மறுமுனைக்குப் போவதற்குள் முதலில் சவரம் செய்தவருக்குத் தாடி வளர்ந்திருந்தது. ராத்திரி ஒருவர் படுத்தால் பக்கத்தில் இருப்பவரும் படுக்க வேண்டும், ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும், ஆகவே வரிசை முழுக்க ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் விழித்தது, அதைப் பார்த்துத் தெருக்காரர்களும் அப்படியே தூங்கப் பழகினார்கள். வரிசையில் ஒரு போலந்துக்காரருக்கும் செக்கடித் தெரு பாக்கியத்தாய்க்கும் கருவாட்டுக் குழம்பில் புளி அதிகமா குறைவா என்று தினமும் சண்டை. அவருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் பாக்கியத்தாய் தன் வீட்டுச் சட்னியையே மாற்றிவிட்டாள். சந்தையில் இரண்டு பேர் சந்தித்தால் "நல்லா இருக்கீகளா" என்று கேட்பதற்குப் பதில் "உங்க வாசல்ல நிக்கவரு நேரா நிக்காரா" என்று கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு பஸ்ஸில் ஆள் இறங்குவது நின்றுபோனது.

வரிசையின் கிளைகள் எல்லாம் ஊருக்கு வெளியே மாட்டுச்சந்தைத் திடலில் போய் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அங்கே கடைசியாக வந்தவர்கள் ஒரு வட்டமாக, எல்லோரும் உள்பக்கம் பார்த்து, நடுவில் ஒரே ஒரு ஆள் நிற்கிற அளவு காலி இடத்தை நோக்கிச் சாய்ந்து நின்றார்கள். அந்த ஆள் வரவில்லை. நாளுக்கு நாள் வட்டம் குறுகியது, சாய்வு அதிகமானது, அவர்கள் சாயச் சாய அவர்களை நம்பி நின்றவர்களும் சாய்ந்தார்கள், அந்தச் சாய்வு தெருத் தெருவாக ஏறி மாடிப்படி வரைக்கும் வந்தது. ஒரு நாள் மதியம் வட்டத்தில் நின்ற சிலி நாட்டுப் பெண் குப்புற விழுந்தாள். அதே நேரத்தில் கல்லம்பட்டி வால்வு திறக்கவில்லை. அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள், இன்னும் இரண்டு ஊருக்குத் தண்ணீர் போகவில்லை. சித்திரை வெயில் தொடங்கியிருந்தது.

கல்லம்பட்டிக்காரர்கள் டிராக்டரில் குடங்களோடு வந்து புண்ணாக்குக் கடை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கனகவேல் பந்தல்காரரைக் கூப்பிட்டு வட்டத்தில் நின்றவர்களுக்கெல்லாம் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கச் சொன்னார். ஒரு நாள் தாங்கியது. பிறகு கம்புகள் ஒவ்வொன்றாக முறிந்தன. காலி இடத்தில் வேறு ஆளை நிறுத்திப் பார்த்தார்கள். இஸ்ரவேல் நின்றார், பந்தல்காரர் நின்றார், கனகவேலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். சுற்றி இருந்தவர்களுக்கு அவர்கள் நிற்பதே உறைக்கவில்லை, வெறும் காற்றில் சாய்வது போலச் சாய்ந்துகொண்டே போனார்கள்.

"வேற பேக்கேஜ மாத்திப் போட்டா என்ன?" என்று கனகவேல் கேட்டார்.

"எத மாத்த? நாம போட்டது எதுவும் கெட்டுப்போகல சார். நாம போட்டதுக்குள்ள இருக்கறதுக்குள்ள இருக்கறது எதுவோ ஆடுது. அது என்னன்னு தெரியாம எத மாத்துனாலும் புதுசா வர்றவரும் அதே எடத்துலதான் வந்து சாய்வாரு."

"அப்ப என்ன செய்யப் போறே?"

"ஒவ்வொருத்தரா கேட்டுட்டுப் போகப் போறேன்."

அவள் ஹால்வாரிடமிருந்து தொடங்கினாள். ஹால்வாருக்கு இராசிமாவைத் தெரியும், இராசிமாவுக்கு அப்பால் யாரையும் தெரியாது. இராசிமாவுக்குத் தன் பக்கத்தில் நிற்பவரைத் தெரியும், அவ்வளவுதான். ஒவ்வொருவரும் ஒரு தோள் தூரம் மட்டுமே அறிந்திருந்தார்கள். செண்பகவல்லி ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, "நீங்க யார் மேல சாஞ்சிருக்கீங்க, அவர்கிட்ட என்ன வாங்கிக்கிறீங்க" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். வரிசை பிரிகிற இடத்தில் ஒரு கிளையோடு கடைசிவரை போய், திரும்பி வந்து, மறு கிளையோடு போனாள். வெயில் முதுகில் அடித்தது. பாக்கியத்தாய் மோர் கொண்டுவந்து கொடுத்து, "ஏந்தாயி, இத்தன பேரயுமா கேக்கப் போற" என்றாள். "எல்லாரும் ஒரே எடத்துக்குத்தானே போறாக, அதுதான் மதினி கேக்கேன்," என்று மோரைக் குடித்துவிட்டு நடந்தாள்.

மாட்டுச்சந்தை வட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருந்தது. எந்தத் தெரு வழியாகப் போனாலும் கடைசியில் நம்பியிருப்பது ஒரே ஒரு சின்னப் பேக்கேஜை. இரண்டு நேரத்தைக் கொடுத்தால் எது முந்தியது என்று அது சொல்லும். அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. எழுதியவரின் பெயர் 'முனி' என்று மட்டும் இருக்கிறது. பல வருஷமாக அவர் யாருக்கும் பதில் எழுதவில்லை, அந்தப் பேக்கேஜ் பிசகியதும் இல்லை. இப்போது உலகத்துக் கம்ப்யூட்டர்கள் நேரத்தை எண்ணும் முறை மாறியிருக்கிறது, அதைத் திருத்த வேண்டியவர் திருத்தவில்லை, அதனால்தான் ஆட்டம்.

முனி என்ற பெயர் தன் வாயை விட்டு வந்தது செண்பகவல்லிக்குத் தெரியும். அது எப்படி அதற்குள் ஊரெல்லாம் போனது என்று தெரியவில்லை. மறுநாள் விடிந்தபோது திடலில் கூட்டம் கூடியிருந்தது. ரோடு அகலப்படுத்தும்போது சந்தைத் திடலிலிருந்து முனியசாமி பீடத்தை எடுத்து ஓடைக்கரையில் வைத்தோமே, அவர் நின்ற இடம் இதுதானே, உலகமே அவர் தோளில் சாய்ந்திருக்கும்போது அவரை இடம் மாற்றலாமா என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். செங்கல் வந்தது, சிமெண்டு வந்தது, மதியத்துக்குள் காலி இடத்தில் பீடம் எழும்பி வெள்ளையடித்துச் செம்மண் பட்டையும் போட்டாகிவிட்டது. சேவலறுத்துப் பொங்கல் வைத்தார்கள். கல்லம்பட்டிக்காரர்களும் டிராக்டரை ஓரமாக விட்டுவிட்டு வந்து கும்பிட்டார்கள். வட்டத்தில் நின்றவர்களுக்கும் கறிச்சோறு கிடைத்தது, அவர்கள் சாய்ந்தபடியே சாப்பிட்டார்கள். பொங்கலின் சூடு ஆறுவதற்குள் அவர்களில் ஒருவர் பீடத்தின் மேலேயே விழுந்து பல் உடைந்தது.

"சாமி இன்னும் முழுசா எறங்கல," என்றார்கள்.

"இது சாமி இல்ல. ஒரு ஆளு. உசுரோட எங்கயோ இருக்காரு," என்றாள் செண்பகவல்லி. யாரும் காதில் வாங்கவில்லை. அவள் திரும்ப வட்டத்துக்குப் போய், விழுந்து எழுந்து நெற்றியில் மஞ்சள் பற்றோடு நின்ற சிலி நாட்டுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முனி எழுதுனதுல உங்களுக்குப் புரியாதது எதாவது இருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அந்தப் பெண் யோசித்தாள். "புரியாததுன்னா... பேக்கேஜ் சரியா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு ஒரு சோதனை எழுதுவோம்ல, அதுல ரெண்டு பேரு வரும். எந்த மொழின்னு தெரியாம நான் தேடிக்கூடப் பார்த்தேன். ஒண்ணு 'ஓடமேடு லாரி'. இன்னொண்ணு 'கல்லம்பட்டி லாரி'. ரெண்டுல எது முந்தி வந்துச்சுன்னு அந்தச் சோதனை கேக்கும்."

செண்பகவல்லி எழுந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, இஸ்ரவேலின் மொபெட்டை வாங்கிக்கொண்டு, கிழக்கே போகும் மண் ரோட்டில் ஏறினாள். பஸ் அந்த ஆளை ஏன் கொண்டுவரவில்லை என்பது வழியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து ஊரில் இருக்கும் ஆளைக் கொண்டுவருவதற்கு அந்த பஸ் வரவில்லை.

ஓடைமேடு, தண்ணீர்க் குழாய் போகும் பாதையில் கடைசி ஊருக்கும் அப்பால் இருந்தது. குழாய் அங்கே போகவில்லை, ஆகவே மடையிலும் அந்த ஊர் இல்லை. வாரத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ லாரி வரும். செண்பகவல்லி போய் இறங்கியபோது ரோட்டோரம் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்க, ஒரு பெண் வரிசையின் தலைப்பில் நின்று யார் குடம் யாருக்கு முந்தியது என்று சத்தம் போடாமல் தீர்த்துக்கொண்டிருந்தாள். வலது தோளில் தைலம் தடவித் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"இங்க முனின்னு யாராச்சும்..."

"முனீஸ்வரி நான்தான். வார்டு மெம்பர். பைப்பு விசயமா வந்துருக்கீகளா?"

"இல்லக்கா. முனின்னு பேரு போட்டு நீங்க எழுதுன ஒரு ப்ரோக்ராம் விசயமா."

முனீஸ்வரி அவளை உற்றுப் பார்த்தாள். "அது எதுக்கு இப்ப? காலேஜ்ல கடைசி வருசம் பிராஜெக்ட்டுக்கு எழுதுனது. லாரிக்காரன் அங்க முந்தி வந்தேன் இங்க முந்தி வந்தேன்னு பொய் சொல்லுவான், அதுக்காக எழுதுனேன். சார் பொதுவுல போட்டு வையின்னாரு, போட்டேன். பெறகு கல்யாணம், பிள்ளைக, ஆடு, எலெக்ஷன். கம்ப்யூட்டரத் தொட்டே வருசக்கணக்காச்சு."

"தோள் வலி எவ்வளவு நாளாக்கா?"

"பங்குனிப் பொங்கல் முடிஞ்சதுல இருந்து. வைத்தியரு எலும்பு நல்லாத்தான் இருக்குங்காரு. மூட தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். ஊரில் நிற்பவர்களைப் பற்றி முனீஸ்வரிக்கும் தெரியும், மனுக் கொடுக்க யூனியன் ஆபீஸுக்குப் போனபோது பார்த்திருக்கிறாள், வரிசைக்குள் புகுந்துதான் போனாள். அவர்கள் சாய்ந்திருப்பது தன் மேல் என்று கேட்டதும் அவள் குடங்களின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்க மடையில எங்க ஊரு இருக்கா?"

"இல்லக்கா."

"அத்தன ஊருக்கும் தண்ணி முறை பாக்குறது நான் எழுதுனது. எங்க ஊருக்கு முறையே கெடையாது. நான் மனு குடுத்துக் குடுத்து, கடைசி ஊருக்கு அப்புறம் தண்ணி ஏறாது, அழுத்தம் பத்தாதுன்னு சொல்லிட்டாக. நாங்க இத்தன வருசமா சாஞ்சு நின்னோமே, எவராச்சும் வந்து தோள் குடுத்தாகளா?" குடங்களை விட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். "சரி, நான் வந்து நின்னா அவுக நிமிருவாக. நான் என்னைக்கு அங்கருந்து நகர?"

செண்பகவல்லி அவள் பக்கத்தில் போய் நின்றாள். "எனக்குத் தெரியலக்கா. ஆனா உங்களத் தனியா நிக்க விடமாட்டேன். ஓடமேடும் மடைக்குள்ள வரும். ரெண்டும் முடியுறவரைக்கும் நான் வேற வேலை பாக்கப் போறதில்ல."

லாரி வந்தது. குடங்கள் நிரம்பும்வரை முனீஸ்வரி நின்றாள். கடைசிக் குடத்தைத் தன் மகள் தலையில் ஏற்றிவிட்டு, மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தாள்.

திடலில் பீடத்தை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. பெரியவர்கள் மறுத்தார்கள். முனீஸ்வரி அவர்களிடம், "நான் பீடத்து மேல ஏறி நிக்கமாட்டேன், சாமிக்குப் பக்கத்துலயும் எடம் இருக்கு, கொஞ்சம் தள்ளி வைங்க," என்றாள். தள்ளி வைத்தார்கள். அவள் போய் வெறுங்காலோடு நடுவில் நின்றாள். வட்டத்தில் இருந்தவர்களின் முதுகு நிமிர்ந்தது. அவர்களை நம்பியவர்களின் முதுகு நிமிர்ந்தது. நெட்டி முறிக்கும் சத்தம் திடலில் தொடங்கி, செக்கடித் தெரு வழியாக, ரதவீதி வழியாக, மாடிப்படி ஏறி ஹால்வார் வரைக்கும் போனது, அது போன வழியெல்லாம் வாசலில் நின்ற பெண்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். கல்லம்பட்டி வால்வு திறந்தது. டிராக்டர் ஊருக்குத் திரும்பியது.

நிமிர்ந்தவர்கள் இப்போது நடக்கலாம், உட்காரலாம், பஸ் ஏறி வீட்டுக்கும் போகலாம். முனீஸ்வரி மட்டும் நகர முடியாது. ஒரு தரம் அவள் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று ஓடைப்பக்கம் போனாள், அவள் திரும்பி வருவதற்குள் ஊரில் அத்தனை பேர் கையிலிருந்த டீயும் சிந்திவிட்டது. அவள் புருஷன் ராமமூர்த்தி ஆடுகளைப் பார்த்துக்கொண்டு, காலையிலும் சாயங்காலமும் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார். ஊரில் அவளை "முனியம்மா" என்று கூப்பிட்டு மாலை கொண்டுவந்தார்கள். அவள் மாலையைப் பீடத்தின் பக்கம் காட்டினாள். "எனக்கு மாலை வேண்டாம். ஒரு ஆளு வேணும்."

கனகவேலுக்கு நிம்மதி வந்திருந்தது. "எல்லாம் சரியாயிருச்சே, இனி என்ன?" என்றார்.

"ஒண்ணும் சரியாகல சார். விழுறது நின்னுருக்கு, அவ்வளவுதான். ஒரு பொம்பளையோட ரெண்டு கால் மேல மொத்தமும் நிக்குது. அவுகளுக்குக் காய்ச்சல் வந்தா?"

அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய் முனீஸ்வரியின் காலடியில் உட்கார்ந்தாள். ப்ரோக்ராம் சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்கிறது என்று முனீஸ்வரிக்கே நினைவுபடுத்திச் சொல்ல வேண்டியிருந்தது, நேரம் எண்ணும் புது முறையை அவளும் செண்பகவல்லியிடம் கேட்டுப் பழகினாள். சில வரிகளை அழித்தார்கள், எழுதினார்கள், மறுபடி அழித்தார்கள். "இந்த எடத்துல ரெண்டும் ஒரே நேரம்னா என்னக்கா சொல்லும்?" என்று ஒரு நாள் செண்பகவல்லி கேட்டாள். முனீஸ்வரி சிரித்தாள். "ரெண்டு பேருக்கும் குடுன்னு சொல்லும். அதுக்குத்தான் லாரிக்காரன் என்கூட சண்டைக்கு வந்தான்."

செண்பகவல்லி தானே யோசித்து ஒரு வரியைத் திருத்தி, அது சரியாக ஓடியும்விட்ட மத்தியானத்தில், அவள் வலது தோளில் ஏதோ இறங்கியது. உட்கார்ந்திருந்தவள் நிலத்தில் கையை ஊன்றினாள்.

"வந்துருச்சா?" என்றாள் முனீஸ்வரி.

"வந்துருச்சு."

"கால அகட்டி வச்சு நில்லு. முட்டிய விறைக்காத."

அன்று முதல் இருவரும் முறை வைத்து நின்றார்கள். மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். தன் வேலை மட்டும் தெரிந்திருந்த ஹால்வார், இராசிமா, பல் உடைந்தவர் எல்லோரும் தங்களுக்கும் அடியில் இருப்பதைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். ஹால்வாரின் தோளில் பாரம் இறங்கியபோது அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். "இதையா நீங்க ஒத்த ஆளா தூக்குனீக?" என்றார்.

இனி ஓடைமேடு பாக்கி. அழுத்தம் பத்தாது என்று யூனியன் ஆபீஸில் சொன்னது பொய்யில்லை. மற்ற ஊர்கள் ஒவ்வொன்றும் தங்கள் முறையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் தண்ணீர் கடைசிவரை ஏறும். செண்பகவல்லி கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லா ஊர்த் தலைவர்களையும் திடலுக்கு வரச் சொன்னாள். சித்திரையில் யாரும் தண்ணீரை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள் என்று கனகவேல் சொன்னார். சம்மதிக்கவும் இல்லை. சாயங்காலம்வரை பேசினார்கள். எங்கள் ஊரில் கல்யாணம் இருக்கிறது என்றார் ஒருவர், எங்கள் தொட்டி ஒழுகுகிறது என்றார் இன்னொருவர். கல்லம்பட்டித் தலைவர் எழுந்து துண்டை உதறினார்.

அப்போது நடுவில் நின்றுகொண்டிருந்த முனீஸ்வரி, "நீங்க இப்படியே பேசிட்டுப் போங்க அண்ணாச்சி. நான் இங்கருந்து நகர மாட்டேன். உங்க தண்ணி நிக்காது. அத வச்சு உங்கள மெரட்டுறதுக்கு நான் வரல. நான் இங்க நிக்கும்போது என் பிள்ளைக லாரிக்கு நிக்காக, அதத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க," என்றாள்.

கல்லம்பட்டித் தலைவர் அப்படியே நின்றார். தண்ணீர் நின்றுபோன மூன்று ஊரில் அவர் ஊரும் ஒன்று, குடத்தோடு டிராக்டரில் உட்கார்ந்திருந்த நாள்களை அவர் மறக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க முறையில கால் மணி நேரம் எடுத்துக்கோங்க," என்றார். அவர் சொன்ன பிறகு மற்றவர்கள் முனகிக்கொண்டே சொன்னார்கள். ஒரு ஊர் கடைசிவரை சொல்லவில்லை, அது இல்லாமலும் கணக்கு வந்தது.

யூனியன் ஆபீஸிலிருந்து குழாய் வந்து இறங்கியது, பள்ளம் தோண்ட ஆள் வரத் தாமதமானது. நிமிர்ந்தவர்கள் பாதிப்பேர் இன்னும் ஊருக்குப் போகவில்லை, அவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். கோடைமழை ஒன்று பெய்து கரிசல் மண் பசையாகிக் காலைப் பிடித்தது, ஒவ்வொரு அடிக்கும் செருப்பைக் கழற்றி மண்ணைச் சுரண்ட வேண்டியிருந்தது. போலந்துக்காரர் முட்டளவு மண்ணோடு நின்று பாக்கியத்தாய் கொண்டுவந்த குழம்பில் புளி குறைவு என்றார். கல்லம்பட்டியிலிருந்து வந்தார்கள், பந்தல்காரர் வந்தார், கனகவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பள்ளம் மேட்டில் ஏறி, இறங்கி, ஓடையைக் கடந்து, முனீஸ்வரி வீட்டுத் தெருவில் போய் முடிந்தது. செண்பகவல்லி மடைக்குள் புதிதாக ஒரு ஊரை எழுதிச் சேர்த்தாள்.

அன்று முறை முனீஸ்வரிக்கு. அவள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள், ராமமூர்த்தி ஓடைமேட்டிலிருந்து சைக்கிளில் வேகமாக வந்தார், வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"காத்து வருது. குழாயில காத்து வருது."

"காத்து வந்தா பின்னாலயே தண்ணி வரும்," என்றாள் முனீஸ்வரி. அவள் முகம் கிழக்கே திரும்பியது, கால்கள் திரும்பவில்லை. "மொதல்ல வர்றது செகப்பா வரும், அதப் பிடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. கிழக்குவீட்டுக் கிழவிக்கு மொதக் குடம். சின்னவள தலைப்புல நிக்கச் சொல்லுங்க, யாரு முந்தின்னு அவ பாத்துக்கிடுவா."

ராமமூர்த்தி சைக்கிளைத் திருப்பினார். அவர் ஏறுவதற்குள் செண்பகவல்லி புண்ணாக்குக் கடைப் பக்கமிருந்து தெருவில் ஓடிவந்தாள், முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். வட்டத்துக்குள் நுழைந்து முனீஸ்வரியின் பக்கத்தில் நின்று, தோளோடு தோளை ஒட்டிவைத்தாள்.

"நீங்க போங்கக்கா."

"என் முறை இன்னும் முடியலயே."

"நான் நிக்கேன். போங்க."

முனீஸ்வரி மெதுவாக, முதலில் ஒரு காலை எடுத்தாள், பிறகு இன்னொரு காலை. ஊரில் யார் கையிலும் டீ சிந்தவில்லை. அவள் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்ததையும், மண் ரோட்டில் சைக்கிள் சிறிதாகிப் போவதையும் செண்பகவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கால்களை அகட்டி வைத்து, முட்டியைத் தளர்த்தி, பாரம் முழுக்கத் தன் மேல் இறங்கட்டும் என்று நின்றாள்.